பதினொன்றாம் அத்தியாயம்

வெள்ளிக்கிழமை காலையிலும் மனாசே தோட்டத்தின் கீழ்க்கோடியில்தான் நின்றான். அங்கே பூ குறைவு. மேல்வரிசைக் கொடிகள்தான் அந்த வாரம் அடைசலாகப் பூத்திருந்தன. அங்கே அவன் மனைவி சூலியாவும் தங்கை லெசியேலியும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

வெனிலாப் பூ விடியும்போது திறக்கும், வெயில் ஏறினால் வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவையும் இடது கையில் ஏந்தி, கூரிய ஈர்க்கால் உள்ளே இருக்கும் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவிட வேண்டும். விட்ட பூ விட்டதுதான். மறுநாள் காம்போடு கீழே கிடக்கும். கொடி எங்கிருந்தோ கப்பலேறி வவாவுத் தீவுக்கு வந்தது. அதன் பூச்சி கூடவே வரவில்லை. பூச்சியின் வேலையை இங்கே மனிதர்கள்தான் செய்கிறார்கள்.

"பாத்தியா உன் அண்ணனை?" சூலியா கொடிக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "இருக்கிற பூவையெல்லாம் நமக்கு விட்டுட்டு வெறும் இலையைத் தடவிக்கிட்டு நிக்கிறார். புதன்கிழமையிலிருந்து இதே கூத்துதான்."

லெசியேலியின் கையிலிருந்த ஈர்க்கு ஒரு பூவைக் கிழித்துவிட்டது. "அவருக்குத் தெரிஞ்சுபோச்சா அண்ணி?"

"தெரிஞ்சிருச்சு. ஆனா தெரியாது."

"வெளங்கற மாதிரி சொல்லுங்களேன்."

"புதன்கிழமை காவா வீட்டுல நம்ம இனோகே உன் புஸ்தகத்தை வாசிச்சிட்டே வந்திருக்கார். செத்துட்டான்னு ஊரே அழுது முடிச்ச மனுஷன் படகுல வந்து இறங்குறான். மேட்டுல ஏறி வர்றான். தன் வீட்டுக் கதவைத் தட்டுறான். அந்த இடத்துல இனோகே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாராம். துடைச்சாராம், துடைச்சாராம், கண்ணாடியே தேயற மாதிரி துடைச்சாராம். அப்புறம் 'தொண்டை கட்டிருச்சு'ன்னு புஸ்தகத்தை மூடிட்டார்."

"யார் சொன்னா உங்களுக்கு?"

"என் சித்தி மகன். அவனும் அங்கதானே குடிக்கிறான். ஆம்பளைங்க எல்லாரும் தரையில எறும்பு தேடற மாதிரி குனிஞ்சிட்டாங்களாம். உன் அண்ணன் எழுந்து, 'பன்னிக்குத் தண்ணி வைக்கல'ன்னு வீட்டுக்கு வந்துட்டார். நான் வச்ச தண்ணி தொட்டியில தளும்பிட்டு இருக்கு. அதைக் கவுத்துட்டு மறுபடி ரொப்பினார். நான் ஒண்ணும் கேக்கல, அவரும் ஒண்ணும் சொல்லல."

லெசியேலி கிழிந்த பூவைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

படகுத்துறையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற இனோகே மாலைதோறும் ஆண்கள் கூடிக் காவா வேர்ச்சாறு குடிக்கும் வீட்டில் ஒரு பகுதி வாசித்துக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, மழை நாளும் வெயில் நாளுமாக உட்கார்ந்து அவள் மொழிபெயர்த்த நாவல். வடக்கே பனி பெய்யும் ஒரு தீவு. அங்கே மீன் பிடிக்கிறவர்கள். சிக்னே என்கிற பெண், கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் புருஷன். ஹாலாவாய்க் கிராமத்து ஆண்கள் காவாக் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொண்டே அந்த ஊர்க்காரர்களோடு சண்டை போட்டார்கள். மீனைக் கட்டைபோலக் காயவைத்து வருஷம் முழுக்கத் தின்கிறான் என்றால் அவன் பல் எதனால் ஆனது என்று ஒருவர் கேட்டாராம். கடலே உறைந்துபோனால் அதன்மேல் நடந்து போய்க் கடன்காரனிடமிருந்து தப்பிக்கலாமே என்றாராம் இன்னொருவர். மனாசே மட்டும் எதுவும் பேசாமல், வலை பின்னும் இடம் வந்தால் மறுபடி வாசிக்கச் சொல்வானாம். இதையெல்லாம் சூலியாதான் கொண்டுவந்து சொல்வாள். அவன் நேரே தங்கையிடம் சொன்னதில்லை. அவனுடைய மெச்சுதல் வேறு வகையில் வரும். குலையிலேயே நல்ல வாழைப்பழம் அவள் சமையலறை வாசலில் இருக்கும்.

பன்னிரண்டு வயதுக்குமேல் அண்ணனும் தங்கையும் ஒரே கூரையடியில் படுத்ததில்லை. வானொலியில் காதல் பாட்டு வந்தால் இருவரில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். காவா கலக்க ஒரு பெண்ணை உட்கார வைத்தால், அவளுக்கு அண்ணன் தம்பி முறையாகிற எவனும் அன்று அந்த வட்டத்தில் உட்காரமாட்டான். ஆண்கள் பேச்சு எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? படுக்கையைப் பற்றிய சொல் ஒன்று இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் அதைக் கழுவத் தண்ணீர் கிடையாது. மரியாதையில் தங்கைதான் மேலே, அண்ணன் கீழே. மேலே இருக்கிறவளுக்குத்தான் கட்டு அதிகம்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கதவு திறந்த பிறகு முழுவதும் படுக்கைதான். திரும்பி வந்தவனும் சிக்னேயும் அந்த இரவு பேசுவதும் பேசாததும். நாளை சனிக்கிழமை, சர்ச் கூடத்தில், மனாசே முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, லெசியேலி வாசிக்கப் போவது அதைத்தான்.

"நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணி?"

"என்னன்னு? 'உங்க தங்கச்சி எழுதினதுல புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம் வருது, நீங்க வராதீங்க'ன்னா? அதைச் சொன்ன நிமிஷத்துலயே போச்சே எல்லாம்! இப்ப அவருக்குத் தெரியாதுங்கற பேருல தெரிஞ்சிருக்கு. நான் வாயைத் திறந்தா தெரிஞ்சதுன்னே ஆயிரும். அப்புறம் அவர் கோவப்படணும். கோவம் வரலைன்னாலும் பட்டே ஆகணும்."

*

தலைநகர் நுகுவாலோஃபாவிலிருந்து நண்பகல் விமானத்தில் கலோலைன் வந்து இறங்கினாள், கூடவே வானொலியின் ஒலிப்பதிவுக்காரர் ஒருவர். கலோலைன் ஆக்லாந்தில் வளர்ந்தவள். மூன்று வருடமாகத் தலைநகரில் ஒரு நூற்சங்கத்தை நடத்துகிறாள். உலகத்து நாவல்களைத் தங்கள் மொழியில் கொண்டுவருவது, ஒவ்வொரு நாவலையும் மொழிபெயர்த்தவரின் சொந்த ஊரிலேயே விருந்து வைத்துக் கொண்டாடுவது, அதை வானொலியில் ஒலிபரப்புவது என்று ஓடிக்கொண்டே இருப்பவள். காலணியைக் கழற்றிவிட்டு லெசியேலியின் சமையலறைப் பாயில் உட்கார்ந்து, சூலியா சுட்டுவைத்த மாவுருண்டையைத் தேநீரில் தோய்த்துத் தின்றாள்.

"அக்கா, முறை எனக்குத் தெரியும். எங்க அத்தை என்னையும் அண்ணனையும் ஒரே சோபாவுல உக்கார விடமாட்டாங்க. ஆனா இது இலக்கியம் இல்லையா?"

"சோபாவுக்கு அது தெரியாது, கலோலைன்."

கலோலைன் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் முகம் தொங்கிப்போனது. "வேற யாராவது வாசிச்சா?"

"யார் வாசிச்சா என்ன? நானும் அங்க இருப்பேன், அவரும் இருப்பார்."

"அப்ப நீங்க காய்ச்சல்னு படுத்துக்குங்க."

"விழாவே இவளுக்குத்தானே," என்றாள் சூலியா அடுப்படியிலிருந்து. "மாப்பிள்ளை இல்லாத கல்யாணமா?"

"சரி, அண்ணன் வராம இருந்தா?"

"விருந்து போடறவரே அவர்தான்," என்றாள் சூலியா. "போதகரைக் கூப்பிட்டதும் அவர்தான். உங்களை ஊர் சார்பா வரவேத்துப் பேசறதும் அவர்தான். அவர் இடம் காலியா கெடந்தா அது உங்களுக்கு அவமரியாதை, போதகருக்கு அவமரியாதை, செத்த பன்னிக்கும் அவமரியாதை."

லெசியேலி கோப்பையைக் கீழே வைத்தாள். "மூணாம் அத்தியாயத்தை வாசிக்கிறேன். புயல் வருதே, அது. எல்லாருக்கும் பிடிக்கும்."

வெளியே கடற்காற்று தகரக் கூரையை ஒரு ஓரமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"வாசிங்க. நான் தடுக்கமாட்டேன்," என்றாள் கலோலைன். "ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க அனுப்பின கையெழுத்துப் பிரதியை நான் ஒரு கப்பல் பயணத்துல படிச்சேன். பதினொண்ணுல சிக்னே பேசறா பாருங்க, அதை எங்க அம்மாவுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டினேன். அம்மா அழுதாங்க. 'இப்படி நாங்க பேசுவோம். ஆனா எந்தப் புஸ்தகத்துலயும் நாங்க பேசினதில்லை'ன்னாங்க. நம்ம மொழியில வேதம் இருக்கு, பாட்டு இருக்கு, ராஜாக்கள் வரலாறு இருக்கு. ஒரு பொம்பளை தன் புருஷனைப் பாத்து 'ஏன் வந்தே?'ன்னு கேக்கறது எங்க இருக்கு? அதை எடுத்துட்டா இந்த ஊருக்கு நாம கொண்டுவந்தது வெறும் கருவாடு. நீங்களே சொல்லுங்க அக்கா, எந்த அத்தியாயத்துக்காக இந்த நாவலை எடுத்தீங்க?"

சூலியா அடுப்பை ஊதுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

லெசியேலியின் புருஷன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனவன். ஒரு பருவத்துக்கென்று போய் அங்கேயே ஒரு குடும்பமாகிவிட்டான். சிக்னேயின் வாயில் அவள் வைத்த பேச்சு பாய் முடையும் பெண்களிடமிருந்து எடுத்தது. ஆண் வாடை இல்லாத அந்தக் கொட்டகையில், தாழை ஓலையை வகிர்ந்துகொண்டே அவர்கள் பேசும் பேச்சு. ஆங்கிலத்தில் இருந்த சிக்னே கொஞ்சம் குளிர்ந்தவள். இவளுடைய சிக்னே ஓலை வகிரும் நகத்தோடு வந்தாள். நாளை கூடத்தில் அந்தப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் பேச்சு அச்சில் ஏறியிருப்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. அவர்களில் பாதிப் பேர் புத்தகம் வாசிக்கிறவர்களும் அல்ல. காதால் கேட்டால்தான் உண்டு.

*

மாலையில் லெசியேலி தன் வீட்டில் நாளைய உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே குழியடுப்பு வெட்டிக்கொண்டிருந்தான் மனாசே. மண்வெட்டிச் சத்தமும் சூலியாவின் குரலும் தெளிவாகக் கேட்டன. அவள் கேட்பாள் என்று தெரிந்துதான் சூலியா பேசினாள்.

"நாளைக்குக் காலையில ஹுங்கா தீவு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்தா என்ன?"

"எதுக்கு?"

"பாய் வாங்க."

"வீட்டுல பாய் மேல பாய் கெடக்கு. மனுஷன் படுக்க எடமில்ல."

"அப்ப ஆக்டோபஸ் பிடிச்சிட்டு வாங்க. வந்தவங்களுக்கு வைக்கலாம்."

"பன்னி ரெண்டு இருக்கு, சேப்பிலையில மாட்டுக்கறி பொதிஞ்சு வச்சிருக்கு, வள்ளிக்கிழங்கு ஒரு மூட்டை. அந்தப் பொண்ணு என்ன திமிங்கலமா?"

"உங்களுக்குப் பல்வலின்னு நெனைக்கிறேன்."

"எனக்கா? வலிக்கலையே."

"நாளைக்கு வலிக்கும்."

மண்வெட்டி நின்றது. மனாசே சிரிப்பது கேட்டது, உடனே அடங்கியது. பிறகு அவன் பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"சூலியா, போதும். என் தங்கச்சி விழா அது. கடல் தாண்டி எங்கியோ இருக்கிற ஜனங்களை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்திருக்கா. ஆம்பளைங்க அத்தனை பேரும் சாயங்காலமானா அவங்களைப் பத்தித்தான் பேசறோம். என் எடம் காலியா கெடந்தா ஊர் என்ன கேக்கும்? 'அண்ணன் ஏன் வரல, அவ என்ன பண்ணினா?'ன்னு கேக்கும். நான் உக்காந்துதான் ஆகணும்."

"உக்காந்தா?"

"கல்லைக் கொண்டா," என்றான். கல்மேல் கல் விழும் சத்தம் கேட்டது.

லெசியேலி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். உடுப்பில் ஒரு இடம் பழுப்பேறியிருந்தது. தான் மட்டும் மாட்டிக்கொண்டதாக இதுவரை நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு ஆள் அதே கூண்டின் இன்னொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கூப்பிட்டுப் பேசினால் இரண்டு வார்த்தையில் தீர்ந்துவிடும். அந்த இரண்டு வார்த்தையைத்தான் பேச முடியாது.

*

கூடம் நிறைந்துவிட்டது. ஆண்கள் விழா மரியாதைக்காக இடுப்பில் சிறு பாய் கட்டி வந்திருந்தார்கள். பாய் முடையும் பெண்கள் முன்னால் தரையில். அவர்களுக்குப் பக்கவாட்டில், முதல் நாற்காலி வரிசையில், மனாசே. போதகர் ஜெபித்தார். மனாசே எழுந்து விருந்தினரை வரவேற்றான். தயாரித்து வந்திருந்தும் பாதியில் மறந்துபோய், "சாப்பாடு இருக்கு, யாரும் அவசரப்பட்டுப் போயிராதீங்க," என்று முடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கலோலைன் நின்றுகொண்டு, உலகத்தின் எந்த மூலையில் ஒரு கதை பிறந்தாலும் அதற்கு ஹாலாவாயில் ஒரு பாய் விரிக்கப்பட வேண்டும் என்று பேசினாள். கைதட்டல் ஓய வெகுநேரமானது. வானொலிக்காரர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு விரலை உயர்த்தினார்.

லெசியேலி எழுந்தாள். இடதுகை ஆள்காட்டி விரல் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. நடுவிரல் பதினொன்றில் இருந்தது. கூடத்துக்கு வரும் வழியெல்லாம் புயலைத்தான் வாசிப்பது என்று முடிவு செய்திருந்தாள். நிமிர்ந்தபோது எதிரே தரையில் பெண்கள், ஓலை நார் கிழித்த விரல்களை மடியில் கோத்தபடி, வாய் லேசாகத் திறந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றைத் திறந்தாள்.

முதலில் குற்றமில்லாத பக்கங்கள். படகு கரைக்கு வருகிறது. நாய்க்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் மேட்டில் ஏறுகிறான். பனியில் அவன் ஒருவனுடைய காலடி மட்டுமே விழுகிறது. அவள் மெதுவாக வாசித்தாள், இதைவிட மெதுவாக எந்த மனிதனும் எந்த மேட்டிலும் ஏறியிருக்க முடியாது. அவன் கதவுக்கு முன் வந்து நின்றான். தட்டினான். லெசியேலி தாளைப் புரட்டாமல் நின்றாள்.

மனாசே எழுந்தான். இடுப்புப் பாயைச் சரிசெய்தான். யாரையும் பார்க்காமல், "அடுப்புல புகை வருது," என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்து வெளியே போனான்.

பிறகு அவள் பெரியப்பா மகன் எழுந்தான். பிறகு மாமன் மகன்கள் இரண்டு பேர்; இந்தத் தீவில் மாமன் மகனும் அத்தை மகனும்கூட அண்ணன் தம்பி முறைதான். ஹாலாவாயில் யார்தான் அவளுக்கு அண்ணன் தம்பி முறை இல்லை? சித்தப்பா மகன், அத்தை மகன், அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காள் மகன் என்று ஒவ்வொரு நாற்காலியாக முனகியது. எல்லாருக்கும் அடுப்பில் புகை வந்தது. உறவில்லாத இனோகேயும் தனியாக உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டு எழுந்து போனார். கடைசியில் ஆண்கள் என்று மிச்சம் போதகரும் வானொலிக்காரரும்தான். போதகர் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

கலோலைனின் முகம் வெளுத்திருந்தது. கூட்டம் வெளிநடப்புச் செய்கிறது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அப்போதுதான் லெசியேலிக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. உள்ளே இடம் கொள்ளாது என்று, கலோலைன் கொண்டுவந்த ஒலிபெருக்கியை வெளியே சீமைப்பலா மரத்தில் கட்டியிருந்தார்கள். அதன் கீழேதான் அவர்கள் அத்தனை பேரும் இப்போது நிற்கிறார்கள். வெளியே போயும் அவள் குரலுக்குள்தான் நிற்கிறார்கள்.

நிறுத்தியிருக்கலாம். பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் தாளைப் புரட்டினாள். "கதவைத் திறந்தவள்..." என்று ஆரம்பித்தாள்.

வெளியே மனாசேயின் குரல் எழுந்தது. அவன் பாடகன் அல்ல. கோயிலில் கடைசி வரிசையில் அடித்தொண்டையில் முனகுகிறவன். அந்தக் குரலில் ஒரு கீர்த்தனையின் முதல் அடியை எடுத்துப்போட்டான். துக்க வீட்டில் விடியும்வரை பாடுகிற பாட்டு, அத்தனை சரணம் கொண்டது. இரண்டாம் அடியில் எல்லா ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். சன்னல் கண்ணாடிச் சட்டங்கள் அதிர்ந்தன. கீர்த்தனையை யார் குறை சொல்ல முடியும்? போதகரே தன்னையறியாமல் தலையசைத்தார்.

லெசியேலி வாசித்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. முன்னால் இருந்த பெண்கள் பாயோடு நகர்ந்து வந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் அவர்கள் முதுகில் முட்டினார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, அவர்கள் தலைகளுக்கு நடுவே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காது இல்லாவிட்டால் இன்னொரு காதில் விழட்டும் என்று வாசித்தாள். வானொலிக்காரர் கருவியைக் கழற்றி, "பாட்டுதான் விழுது," என்று கலோலைனிடம் சைகை காட்டினார். சிக்னே, "ஏன் வந்தே? நான் உன்னை அழுது முடிச்சிட்டேனே," என்று புருஷனிடம் கேட்கும் இடத்தில், சூலியாவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பருத்த பெண் "அடியம்மா!" என்று லெசியேலியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை.

அத்தியாயம் முடிந்தது. புத்தகத்தை மூடினாள்.

வெளியே பாட்டு முடியவில்லை. கடைசிச் சரணம் வந்து, மறுபடி முதல் சரணத்துக்குப் போனார்கள். எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதைத் தெரிந்துகொள்ளக் காது கொடுக்க வேண்டும், காது கொடுக்கத்தான் கூடாது. போய் "முடிஞ்சிருச்சு" என்று யார் சொல்வது? என்ன முடிந்தது என்று ஒருவன் கேட்டால்? பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே குரல்கள் கரகரக்கத் தொடங்கின. இப்போது உண்மையிலேயே அடுப்புப் பக்கமிருந்து கருகல் வாசனை வந்தது.

"பன்னி போச்சு," என்றாள் சூலியா மெல்ல.

லெசியேலி உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயைத் திறந்து, இரண்டாம் சரணத்தில், பெண்களுக்கான மேல்குரலை எடுத்தாள். பக்கத்திலிருந்தவள் சேர்ந்தாள், பிறகு எல்லாரும். வெளியே ஆண்குரல்கள் ஒரு கணம் தடுமாறின. பிறகு புரிந்துகொண்டு, இடம் விட்டுக் கீழிறங்கி நின்றன. அந்தச் சரணத்தோடு பாட்டு முடிந்தது. ஆமென் மட்டும் உள்ளும் வெளியுமாக ஒன்றாக வந்தது.

வானொலிக்காரர் அவசரமாக விரலை உயர்த்தினார். அதுதான் சுத்தமாகப் பதிவானது.

*

விருந்துக்கு உட்கார்ந்தார்கள். பன்றியின் ஒரு பக்கம் கரியாகிவிட்டது. மறுபக்கத்து நல்ல பாகம் முழுவதும் லெசியேலியின் முன்னால், வாழையிலையில், யார் வைத்தார்கள் என்று தெரியாமல் வந்து இருந்தது. கலோலைன் பக்கத்தில் அமர்ந்து, தலைநகரில் ஒலிப்பதிவுக்கூடத்தில் மறுபடி தனியாக வாசிக்கலாமா என்று கேட்டாள்.

"அப்புறம் அது வானொலியில வருமே," என்றாள் லெசியேலி. "அண்ணன் தங்கச்சி இல்லாத வீடு எத்தனை இருக்கு?"

கலோலைன் கிழங்கைப் பிட்டாள்.

லெசியேலியின் முதுகுப்பக்கம், மரப்பட்டைத் துணித் தட்டிக்கு அந்தப்புறம், ஆண்கள் வரிசை. மனாசேயின் குரல், பாடிப்பாடிக் கட்டிப்போன குரல், இனோகேயிடம் கேட்பது கேட்டது.

"பெரியவரே, அந்த ஆள் திரும்பி வந்தான்ல, அவன் வலையெல்லாம் என்னாச்சு? ஊர்க்காரங்க பங்கு போட்டுக்கிட்டாங்களே, திருப்பிக் குடுத்தாங்களா?"

"அது பன்னெண்டுல வரும்னு நெனைக்கிறேன். நான் இன்னும் படிக்கல. திங்கக்கிழமை வா."

"குடுக்கமாட்டானுங்க," என்றான் மனாசே. "நான் சொல்றேன் பாருங்க. செத்தவன் பொருளை வாங்கினவன் திருப்பிக் குடுக்கறதாவது."

பன்னிரண்டில் ஒருவன் கொடுத்தான். ஒரே ஒரு கிழவன் மட்டும், கிழிந்திருந்ததைத் தைத்துக் கொண்டுவந்து, கதவோரத்தில் வைத்துவிட்டுப் போனான். அந்த ஒரு பக்கத்தை, அண்ணனுக்கு வலைமேல் உள்ள ஆசை தெரிந்து, அவள் மூன்று முறை திருத்தி எழுதியிருந்தாள். தட்டி ஒரு கை தூரத்தில் இருந்தது. லெசியேலி எலும்பைத் திருப்பி, கரி படாத இடத்தைப் பார்த்துக் கடித்தாள்.